கே-ஹார்னெட்டாக மாற்றிய பிர்னோ 465: வாங்கலாமா, மாற்றலாமா?

பழைய .22 ஹார்னெட் ரைஃபிள் ஒன்று கைமாறும்போது, பேரலில் இருக்கும் பழைய எழுத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு 'கே' குத்தப்பட்டிருந்தால், வாங்க வந்தவர்களில் சிலர் உடனே பின்வாங்கிவிடுவார்கள். சிலர் வேகம் கூடிய ஹார்னெட் கிடைத்துவிட்டது என்று ஆவலோடு எடுத்துக்கொள்வார்கள். ரைஃபிளின் சேம்பரை, அதாவது தோட்டா அமரும் அறையை, சற்று அகலமாக வெட்டி, ஹார்னெட் உறை அதில் விரிந்து புது வடிவம் பெறும்படி செய்த மாற்றத்தின் அடையாளம் அந்தக் 'கே'. இரண்டு பேருமே அந்த மாற்றத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கே-ஹார்னெட் தரும் உண்மையான லாபம், மறுபடி மறுபடி நிரப்பிச் சுடும் பித்தளை உறையின் ஆயுள்தான். வேகம் கொசுறு. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த ரைஃபிளை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது தெளிவாகிவிடும்.

இங்கே பேசப்படுவது செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்ப்ரோயோவ்கா பிர்னோ தயாரித்த இசட்.கே.டபிள்யூ 465. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொடங்கி 1970களின் முற்பகுதி வரை வந்த ரைஃபிள். மவுசர் ரைஃபிளின் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையை, ஹார்னெட் தோட்டாவின் அளவுக்குச் சுருக்கிச் செய்த மாதிரி இருக்கும். பெரிய ரைஃபிள் ஒன்றுக்குள் சின்னத் தோட்டாவைத் திணித்த வேலை இல்லை இது. போல்ட்டின் முன்பக்கத்தில் இரண்டு பூட்டுக் காதுகள், பக்கவாட்டில், போல்ட்டோடு சேர்ந்து சுழலாமல் சுட்ட உறையை வெளியே இழுக்கும் நீண்ட கொக்கி (எக்ஸ்ட்ராக்டர்), கழற்றக்கூடிய ஐந்து தோட்டா மேகசின், இரட்டை ட்ரிக்கர். எடை சுமார் 2.8 கிலோ, பேரல் சுமார் 58 செ.மீ. பின்னாளில் வந்த சிஇசட் 527 இதன் வாரிசு என்று சொல்லலாம். போல்ட்டைப் பின்னிழுத்து முன்தள்ளும்போது எங்கும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போகும் அந்த உணர்வுக்காகவே பலர் இதைத் தேடுகிறார்கள். ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எழுத்தும் நீலப்பூச்சும் சேம்பரும் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கும் ஒரு 465-ஐ மாற்றுவது வீண் வேலை. சேம்பரில் எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. ஏற்கெனவே மாற்றியதை வாங்குவது, அல்லது ஏற்கெனவே சேம்பர் கெட்டுப்போன ஒன்றை மாற்றுவது, இந்த இரண்டுக்கு மட்டும்தான் நியாயம் இருக்கிறது.

ஹார்னெட்டுக்கு என்ன நோய்?

.22 ஹார்னெட் 1920களின் பிற்பகுதியில் உருவாகி, 1930-ல் வின்செஸ்டர் தோட்டாவாகச் சந்தைக்கு வந்தது. உறையின் நீளம் 35.6 மி.மீ., அடியில் வெளியே நீட்டியிருக்கும் விளிம்பான ரிம்மின் விட்டம் 8.9 மி.மீ., ரிம்முக்கு மேலே உடலின் விட்டம் சுமார் 7.6 மி.மீ. அந்த உடல் மேலே போகப் போகச் சுருங்கி, தோள் (உடல் குறுகிக் கழுத்தாக மாறும் சரிவு) தொடங்கும் இடத்தில் சுமார் 7 மி.மீ. ஆகிறது. தோளின் சரிவு ஆறு டிகிரிகூட இல்லை. கழுத்து எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவினால் பிடிபடாது. சுவரும் மெல்லியது.

தோட்டா சேம்பரில் நிற்பது ரிம்மின் பலத்தில். ரிம்மின் கனம் 1.65 மி.மீ. அந்த இடத்தில் அளவு சரியாக இருந்தால் போதும், தோட்டா வெடிக்கும், குண்டு போகும். அதனால் தோள் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிப் பழைய சேம்பர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. விளைவு இதுதான்: வெடிக்கும்போது உறை முன்னோக்கி நீண்டு சேம்பரின் தோளை நிரப்புகிறது. மறுபடி நிரப்புவதற்கு முழுநீள டையில் (உறையைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சு) இட்டு அழுத்தும்போது தோள் பின்னுக்குப் போகிறது. அடுத்த சுற்றில் மறுபடி நீள்கிறது. அந்த நீட்சிக்கான பித்தளை எங்கிருந்து வருகிறது? அடிப்பகுதியின் தடித்த இடம் முடிந்து சுவர் மெலியத் தொடங்கும் இடத்தில் இருந்து. நாலைந்து சுற்றுக்குள் அங்கே உள்பக்கம் ஒரு பள்ளம் விழுந்துவிடும். அதற்கடுத்த சுற்றில் ரிம்மும் அடியும் மட்டும் வெளியே வரும், மீதி உறை சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். கம்பியை நேராக்கி, நுனியை ஒரு மி.மீ. அளவுக்கு மட்டும் மடக்கி, நுனியைக் கூராகத் தேய்த்துக்கொள்ளுங்கள். உறைக்குள் விட்டு, அடியைத் தொட்டபின் சுவரோடு சேர்த்து மெல்ல மேலே இழுங்கள். நல்ல உறையில் நுனி தடையில்லாமல் ஏறும். கெட்ட உறையில் அடியில் இருந்து சில மி.மீ. உயரத்தில் நகம் மாட்டுவது போல ஒரு இடத்தில் நிற்கும். வெளியே அதே உயரத்தில் சுற்றிலும் பளபளப்பாக ஒரு வளையம் தெரியும். வளையம் தெரிந்த உறையை அன்றே நசுக்கிப் போட்டுவிட வேண்டும்.

கே செய்யும் வைத்தியம்

நியூயார்க் மாநிலத்தின் ஒயிட்ஸ்பரோவைச் சேர்ந்த லைல் கில்போர்ன் 1940-ல் செய்தது எளிமையானது. ரிம்மை அப்படியே விட்டார். உடலின் சரிவைக் குறைத்து மேல்பகுதியை அகலமாக்கினார், தோளை 35 டிகிரிக்கு நிமிர்த்தினார். சாதாரண ஹார்னெட் தோட்டாவை அந்தச் சேம்பரில் வைத்துச் சுட்டால் உறை ஊதி விரிந்து புது வடிவத்துக்கு வந்துவிடும். தனி உறை வாங்க வேண்டாம். உறை ஹோல்டர் பழையதே பொருந்தும். டை மட்டும் புதிது வேண்டும், ஆர்சிபிஎஸ், ரெட்டிங் இரண்டு நிறுவனங்களிலும் கே-ஹார்னெட் டை உண்டு.

நிமிர்ந்த தோளால் வரும் நன்மை இரண்டு. பித்தளை கழுத்தை நோக்கி ஓடுவது குறைகிறது, அதனால் அடிக்கடி நீளம் வெட்ட வேண்டியதில்லை. இரண்டாவது நன்மைதான் பெரியது: அந்தத் தோளில் தோட்டாவை நிறுத்த முடியும். ஆறு டிகிரிச் சரிவில் எதையும் நிறுத்த முடியாது, 35 டிகிரியில் முடியும். ஒருமுறை உறை விரிந்துவிட்டால், டையை மேலே ஏற்றி வைத்து, தோளைப் பின்தள்ளாமல் கழுத்தை மட்டும் சுருக்கினால் போதும். அதற்குப் பிறகு ரிம்மில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் உறை நீளாது. நாலைந்து சுற்றில் செத்த உறை பத்துச் சுற்றைத் தாண்டிப் போவது இதனால்தான்.

டையின் உயரத்தைக் கண்டுபிடிக்க மெழுகுவர்த்திப் புகை போதும். விரிந்த உறையின் கழுத்தையும் தோளையும் கருக்கவிட்டு, டையைத் தேவைக்கு மேலே ஏற்றி வைத்து ஒருமுறை அழுத்துங்கள். கழுத்தில் எவ்வளவு தூரம் கரி அழிந்திருக்கிறது என்று தெரியும். கால் திருப்பாக இறக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கரி அழிந்த கோடு தோளின் விளிம்பைத் தொடும். அங்கிருந்து பொடிப் பொடியாக இறக்கி, ஒவ்வொரு முறையும் உறையை ரைஃபிளில் வைத்து போல்ட்டை மூடிப் பாருங்கள். கைப்பிடி கடைசிக் கால்பாகத்தில் லேசான எதிர்ப்போடு இறங்கினால் அதுதான் சரியான இடம். லாக்ரிங்கை அங்கே பூட்டிவிடுங்கள்.

வேகக் கணக்கு

ஹார்னெட்டின் பழைய தொழிற்சாலைத் தோட்டா 45 கிரெய்ன் எடையுள்ள குண்டை வினாடிக்கு 2,690 அடி வேகத்தில் தள்ளும், சுமார் 820 மீட்டர். ஹார்னடி நிறுவனத்தின் 35 கிரெய்ன் வி-மேக்ஸ் தோட்டா 3,100 அடி. கே உறையில் கொள்ளளவு ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடுகிறது. அதே அழுத்தத்தில் கொள்ளளவு கூடும்போது வேகம் அதில் கால்பங்குதான் கூடும் என்பது ரைஃபிள்காரர்கள் நெடுநாளாக வைத்திருக்கும் கணக்கு. அதாவது இரண்டரை விழுக்காடு. 2,690 அடிக்கு அது எழுபது அடி.

ஆனால் கே-ஹார்னெட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் 150, 200 அடி கூடுகிறது என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கொள்ளளவு கொடுத்த எழுபது போக மீதி, அழுத்தத்தைக் கூட்டியதால் வந்தது. நேரான சுவர் சேம்பரை இறுகப் பிடிப்பதால் போல்ட் மீது விழும் உதை குறைவாகத் தெரியும், உறை சுலபமாக வெளியே வரும், ஆகவே அழுத்தம் கூடியிருப்பதற்கான அறிகுறி தாமதமாகத்தான் வெளிப்படும். ப்ரைமர் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகிறதா என்று பார்த்துக் கணிப்பதை இந்தச் சின்னத் தோட்டாவில் நம்ப முடியாது. ப்ரைமர் குழி தளர்ந்துபோய் புது ப்ரைமர் விரல் அழுத்தத்திலேயே உள்ளே போகிற நிலை வந்தால், ஏற்கெனவே வெகுதூரம் தாண்டிவிட்டீர்கள். ஹார்னெட்டுக்கு, துப்பாக்கிப் பாதுகாப்புச் சோதனைக்கான ஐரோப்பிய சி.ஐ.பி. விதியில் உச்ச அழுத்தம் 3,000 பார். எழுபது ஆண்டுப் பழைய ரைஃபிளை அதற்குள் வைத்திருப்பதுதான் அதற்குக் கொடுக்கும் மரியாதை.

எழுபது அடியோ நூற்றைம்பது அடியோ, வேட்டைக்களத்திலும் சுடுதளத்திலும் அதன் மதிப்பு கூடுதலாகப் பதினைந்து இருபது கெஜம்தான். அதற்காக மட்டும் ஒருவர் சேம்பரை வெட்டும் கருவியான ரீமரை எடுக்கிறார் என்றால் தடுத்து நிறுத்த வேண்டும்.

நல்ல வேலையும் கெட்ட வேலையும்

ஒரு தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக் இந்த வேலையை எப்படிச் செய்கிறார் என்று தெரிந்தால், செய்து முடித்த ரைஃபிளை எப்படிச் சோதிப்பது என்பதும் தெரிந்துவிடும். முதலில் பேரலின் உள்விட்டத்தை ஈயக்குண்டு தள்ளி அளக்க வேண்டும். ஹார்னெட் பேரல்களில் எல்லாமே ஒரே அளவு இல்லை. பழைய அளவில், குண்டைச் சுழலவைக்கப் பேரலுக்குள் வெட்டிய புரிமேடுகளுக்கு இடையே 5.51 மி.மீ., பள்ளங்களுக்கு இடையே 5.66 மி.மீ. பின்னாளில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட .224 அங்குல அளவில் அவை 5.56, 5.69. ரீமரின் முனையில் இருக்கும் வழிகாட்டி இந்த உள்விட்டத்தில் நுழைந்து நேராகப் போக வேண்டும். 5.56-க்குச் செய்த வழிகாட்டி 5.51 பேரலில் நுழையாது. நுழைக்க முயன்றால் புரிமேடுகளைச் சுரண்டிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம், அளவு குறைந்த வழிகாட்டி ஆடும், ஆடினால் சேம்பர் கோணலாகும். கழற்றி மாற்றக்கூடிய வழிகாட்டி வளையம் உள்ள ரீமர் இந்த வேலைக்கு அவசியம்.

பேரலைக் கழற்றி, ஆயில் விட்டு, மெல்லத் திருப்பி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து வெட்டுகிறார்கள். எடுக்க வேண்டிய இரும்பு மிகக் குறைவு, தோள் இருக்கும் இடத்தில் விட்டத்தில் கால் மி.மீ.தான். அதனாலேயே அசட்டையாகச் செய்துவிடுகிறார்கள். தப்பு நடப்பது கடைசி நூலிழையில். ரிம் அமரும் படி, ரைஃபிளைப் பொறுத்துப் பேரலிலோ போல்ட் முகத்திலோ இருக்கும். பேரலில் அந்தப் படி ஏற்கெனவே சரியான ஆழத்தில் வெட்டப்பட்டிருந்தால், ரீமரின் பின்விளிம்பு அதைத் தொட்ட கணத்தில் நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு சுற்று சுற்றினால் ரிம்முக்குப் பின்னால் இடைவெளி விழும். உறை முதல்முறை விரியும்போதே அந்த இடைவெளி அளவுக்கு நீண்டு, அடிப்பகுதியில் வளையம் விழுந்துவிடும். உறையின் ஆயுளுக்காகச் செய்த வேலை உறையைக் கொல்கிற வேலையாக முடியும். ஆகவே போல்ட்டின் ஸ்பிரிங்கையும் எக்ஸ்ட்ராக்டரையும் கழற்றிவிட்டு, குறைந்தபட்ச இடைவெளிக்கான கோ அளவியில் போல்ட் முழுதாக மூட வேண்டும், அதைத் தாண்டிய இடைவெளிக்கான நோ-கோ அளவியில் மூடக்கூடாது. மாற்றிய ரைஃபிளை வாங்கும் எவரும் இந்தச் சோதனையைக் கண்முன் செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது குறை, பழைய சேம்பரின் அடிப்பகுதி. கே ரீமர் மேல்பகுதியைத்தான் புதுப்பிக்கிறது. ரிம்முக்குச் சற்று மேலே பழைய சேம்பர் ஏற்கெனவே அகலமாக இருந்தால் ரீமர் அங்கே சுவரைத் தொடவே தொடாது. அந்த ரைஃபிளில் சுட்ட உறையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ரிம்முக்கு மேலே ஒருபக்கம் லேசாகத் தொப்பை தள்ளியிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மேசையில் வைத்து உருட்டுங்கள், சீராக உருளாமல் குதித்துக்குதித்து உருளும். அதேபோல் கழுத்துக்கு முன்னால் இருக்கும் தொண்டைப் பகுதி. துருப்பிடிக்க வைக்கும் ப்ரைமர்கள் இருந்த காலத்துப் பேரல்களில் அங்கே பொட்டுப்பொட்டாக அரித்திருக்கும், ரீமர் அதைத் துடைக்காது.

இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றே: லேத்தில் பேரலின் பின்முனையை, பேரலைத் திருகி மாட்டும் திருகுப்புரியில் ஒரு புரி தூரத்துக்கு வெட்டிக் குறைத்து, முழுச் சேம்பரையும் புதிதாக வெட்டுவது. சரியாக ஒரு புரி என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு முழுச் சுற்று உள்ளே போனால் பார்வைக்குறிகள் மறுபடி நேர் மேலே வந்து நிற்கும். முக்கால் சுற்று என்றால் அவை பக்கவாட்டில் நிற்கும். பேரல் பின்னுக்கு வந்ததும் மரக்கட்டையில் பேரலுக்காகச் செதுக்கிய இடமும் மாறும், அங்கே மரத்தைக் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். கட்டை பேரலின் ஒரு பக்கத்தில் அழுத்தினால் பேரல் சூடாகச் சூடாகக் குறி நகரும். ஒரு 465-ல் இந்த முழு வேலையும் நடந்திருந்தால், தொழிற்சாலை ஹார்னெட்டைவிட நல்ல சேம்பர் உங்களுக்குக் கிடைக்கிறது. வெறும் ரீமர் விட்ட வேலைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மூன்றாவது, ரீமர் அதிர்ந்து வெட்டிய தடம். ஒரு சின்ன விளக்கைப் பேரலின் முன்முனையில் காட்டி, பின்னால் இருந்து சேம்பரைப் பாருங்கள். சுவரில் நீளவாக்கில் வரிவரியாகப் பட்டைகள் தெரிந்தால் அது அதிர்ந்த ரீமர். அவை உறையிலும் பதியும், உறை இறுகும். மெருகேற்றி மறைத்திருந்தால் சேம்பர் அளவு தாண்டியிருக்கும். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம்.

முதல் சுடுதல்

உறையை விரிய வைக்கத் தொழிற்சாலை ஹார்னெட் தோட்டாவையே சுடலாம். விரிப்பதில் கொஞ்சம் சக்தி போவதால் வேகம் சற்றுக் குறையும், ஆனால் குறி தப்பாது, ஆகவே அந்தச் சுடுதலைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். சேம்பர் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்திருக்க வேண்டும். உறை வழுக்கிப் பின்னால் வந்து போல்ட் மீது மோதட்டும் என்று எண்ணெய் தடவிச் சுடும் வழக்கம் ஒன்று உண்டு. நீட்சி குறையும் என்பது அதன் நியாயம். பழைய ரைஃபிளின் பூட்டுக் காதுகள் மீது அந்தச் சுமையை ஏற்றுவது எந்த வகையிலும் சரியில்லை.

பழைய, பலமுறை நிரப்பிய உறைகளை இதற்கு எடுக்காதீர்கள், கழுத்திலும் தோளிலும் நீளவாக்கில் பிளக்கும். புது உறை, அல்லது ஒரே முறை சுட்டது. விரிந்தபின் உறையின் நீளம் கொஞ்சம் குறைந்திருக்கும், அது இயல்பு. எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்: உச்சம் 35.6 மி.மீ., வெட்டும் அளவு அதைவிடக் கால் மி.மீ. குறைவு. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சுவர்க் கனம் மாறும். இந்த அளவு சின்ன உறையில் அந்த வித்தியாசம் அழுத்தத்தில் நேரடியாகத் தெரியும். ஒரு உறைக்குக் கண்டுபிடித்த வெடிமருந்தளவை இன்னொரு நிறுவனத்தின் உறைக்கு அப்படியே போடக்கூடாது. அளவுகளை வெடிமருந்து நிறுவனத்தின் கையேட்டில் கே-ஹார்னெட் என்று தனியாக இருக்கும் பட்டியலில் இருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

குண்டை உட்கார வைக்கும்போது இன்னொரு சங்கடம். கழுத்து மெல்லியது, தட்டையான அடி கொண்ட குண்டு விளிம்பில் இடித்தால் கழுத்து மடங்கும். கே தோளில் அந்த அழுத்தம் தோளைச் சுருட்டிவிடும், அப்படிச் சுருண்ட உறை சேம்பருக்குள் போகாது. கழுத்தின் உள்விளிம்பைச் சீவி, கழுத்தை விரிக்கும் குமிழ் சரியான அளவா என்று பார்த்து, க்ரிம்ப் (கழுத்து விளிம்பைக் குண்டின் மீது மடக்கி இறுக்குவது) போடாமல் விட்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

குண்டின் தேர்வைப் பேரலுக்குள் இருக்கும் புரிமேடுகளின் முறுக்கு தீர்மானிக்கிறது. ஹார்னெட் பேரல்களின் வழக்கமான முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கே சேம்பர் இதை மாற்றாது. 35, 40, 45 கிரெய்ன் குண்டுகள் நன்றாகப் போகும். நீண்ட கூர்முனைக் குண்டுகள், குறிப்பாக 50-க்கு மேல், ஆடிக்கொண்டு போய்க் காகிதத்தில் சாவித்துவாரம் போல ஓட்டை போடும். முழுத்தோட்டாவின் நீளம் 43.8 மி.மீ.க்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் மேகசினில் நுழையாது. பிளாஸ்டிக் முனை கொண்ட குண்டுகளில் சில இந்த நீளத்தைத் தாண்டும். பேரல் 5.66 மி.மீ. பள்ளம் கொண்டது என்று அளந்து தெரிந்தால், .224 குண்டில் குறைந்த மருந்தளவில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

மேகசின்

இந்த மாற்றத்தின் பெரிய நிம்மதியே மேகசினைத் தொட வேண்டியதில்லை என்பது. ரிம் அதே ரிம், நீளம் அதே நீளம், போல்ட் முகம் அதே முகம். ரிம் உள்ள தோட்டாக்களில் மேலே இருப்பதன் ரிம் கீழே இருப்பதன் ரிம்முக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் கொக்கி போட்டுக்கொண்டு மேலே வராது. நிரப்பும்போது ஒவ்வொன்றையும் முன்னிருந்து பின்னாக வழுக்கிவிட்டால் தானாகவே சரியாக அமையும். விரிந்த உறை சரிவு குறைந்ததால் சேம்பர் வாயில் நுழையும்போது முன்னைப்போல வழுக்காமல் கொஞ்சம் தயங்கும். மேகசின் உதடுகள் வளைந்திருந்தால் அது இங்கேதான் வெளிப்படும். பழைய 465 மேகசின் கிடைப்பது அரிது என்பதால், மேகசின் இல்லாத ரைஃபிளை விலை குறைவு என்று வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

வேறு தோட்டாவுக்கு மாற்றலாமே என்றால்

.222 ரெமிங்டனுக்கு மாற்றிய ஹார்னெட் ரைஃபிள்களும் உண்டு. அதன் அடி விட்டம் 9.6 மி.மீ., ரிம் வெளியே நீட்டியிருக்காது. போல்ட் முகத்தை அகலமாக்க வேண்டும், எக்ஸ்ட்ராக்டர் நகத்தைப் புதிதாகச் செதுக்க வேண்டும். தோட்டாவின் நீளம் 54 மி.மீ., மேகசின் அடியோடு மாற வேண்டும். அழுத்தம் 3,700 பார். அகலமாக்கிய போல்ட் முகத்தின் மீது கூடுதல் அழுத்தம், அதுவும் அகலமான அடியில். ஒவ்வொன்றும் தனியாகச் செய்யக்கூடியதே, எல்லாம் ஒன்றுசேரும்போது அந்தச் சின்ன ஆக்‌ஷனிடம் (போல்ட்டும் அது பூட்டும் உடலும்) கேட்பது அதிகமாகிவிடுகிறது. .218 பீ தோட்டாவின் ரிம் 10.4 மி.மீ., அதற்கும் போல்ட் முகத்தைத் தொட்டாக வேண்டும். .17 ஹார்னடி ஹார்னெட் மட்டும் வேறு கதை: 2012-ல் வந்தது, ஹார்னெட் உறையின் அடியை வைத்தே செய்தது, போல்ட்டும் மேகசினும் மாற வேண்டாம். ஆனால் பேரல் புதிது வேண்டும். பேரல் முழுவதும் அரித்துப்போன 465 ஒன்றுக்கு அதுவே சிறந்த மறுவாழ்வு. 20 கிரெய்ன் குண்டு 3,650 அடி வேகத்தில் போகும், அந்த வேகத்தைக் கே-ஹார்னெட்டால் நினைத்தே பார்க்க முடியாது.

ஹார்னெட் சேம்பரோடு வந்த எல்லாப் பழைய ரைஃபிளும் கே மாற்றத்துக்கு ஒன்றில்லை. வின்செஸ்டர் 54, 70 இரண்டும் பெரிய தோட்டாவுக்குச் செய்த ஆக்‌ஷன், பலம் தாராளம். ஆனால் அசல் ஹார்னெட் வின்செஸ்டரைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள், மாற்றினால் அந்த மதிப்பு போய்விடும். ஆன்ஷூட்ஸ் 1432, வால்தர் கேகேஜே போன்றவை, ரிம்மில் அடித்து வெடிக்கவைக்கும் சிறு தோட்டாக்களுக்கான ரிம்ஃபயர் ஆக்‌ஷனில் இருந்து வளர்ந்தவை. அவற்றில் கே சேம்பர் இருந்தால் மருந்தளவை ஹார்னெட் அளவிலேயே வைத்துக்கொண்டு, உறை ஆயுளை மட்டும் அனுபவிக்க வேண்டும்.

யாருக்கு?

தோட்டாவைத் தாமே நிரப்புகிறவருக்கு, ஒரு புரி வெட்டிப் புதுச் சேம்பர் போட்ட 465 கே-ஹார்னெட்டை யோசிக்காமல் எடுக்கச் சொல்லலாம். உறை மிச்சமாகிறது, சேம்பர் இறுக்கமாக இருக்கிறது, இரட்டை ட்ரிக்கரின் பின் ட்ரிக்கரை இழுத்துவிட்டு முன்னதைத் தொட்டால் போதும் என்கிற அந்த மென்மை அப்படியே இருக்கிறது. கடையில் வாங்கிய தோட்டாவைச் சுட்டுவிட்டு உறையை விட்டெறிகிறவருக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை. ஒவ்வொரு தோட்டாவும் விரிப்பதிலேயே கொஞ்சம் வேகத்தை இழந்துகொண்டிருக்கும். அவர் மாற்றாத ஹார்னெட்டை வாங்குவது நல்லது.

தாள்களையும் பார்க்க வேண்டும். சேம்பர் மாற்றம் உரிமம் பெற்ற மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. சி.ஐ.பி. விதி நடக்கும் நாடுகளில் மாற்றியபின் மறுபடி ப்ரூஃப் சோதனைக்கு (அழுத்தம் கூடிய தோட்டாவைச் சுட்டு ரைஃபிளின் பலத்தைப் பார்ப்பது) அனுப்பி முத்திரை வாங்க வேண்டும். பேரலில் புதுத் தோட்டாவின் பெயரும் அந்த முத்திரையும் இல்லாமல் "உள்ளே கே தான்" என்று வாய்மொழியாகச் சொல்லி விற்பதை ஏற்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சேம்பருக்குள் வார்ப்பு உலோகக் கலவையை ஊற்றி அச்செடுத்து அளக்கச் சொல்லலாம், தோளின் கோணம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

விரிந்த உறையின் அடியில் இன்னமும் ".22 ஹார்னெட்" என்றுதான் எழுதியிருக்கும். நிரப்பிய கே தோட்டா சாதாரண ஹார்னெட் சேம்பரில் தோள் இடித்து நிற்கும், போல்ட் மூடாது, ஆகவே அந்தப் பக்கம் ஆபத்து குறைவு. மூடவில்லையே என்று கைப்பிடியை அடித்து இறக்குகிறவர்கள்தான் பிரச்சினை. பெட்டியின் மூடியிலும் பக்கத்திலும் பெரிதாகக் 'கே' என்று எழுதி, எந்த உறை, எத்தனையாவது சுற்று என்ற கணக்கையும் அதிலேயே ஒட்டி வையுங்கள்.